தாழ்த்திய ஜிடி86-க்கு அகலமான டயர்: உரசாமல் மாட்ட என்ன செய்ய வேண்டும்

நான் வாங்கிய டொயோட்டா ஜிடி86 ஏற்கெனவே 30 மி.மீ. தாழ்த்தப்பட்டிருந்தது. முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தார். பார்க்க அழகாக இருந்தாலும் கம்பெனி கொடுத்த 215 டயர் ஒல்லியாகத் தெரிந்தது. ஆகவே 8 அங்குல அகல ரிம்மும் 235/45 ஆர்17 டயரும் (235 மி.மீ. அகலம், பக்க உயரம் அதில் 45 சதவீதம், 17 அங்குல ரிம்முக்கானது) வாங்கினேன். "தாராளமாகப் பொருந்தும்" என்று விற்றவர் சொன்னார். மாட்டிய அன்றே, வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதல் ஸ்பீட் பிரேக்கரில் பின்பக்கம் "கர்ர்" என்றது. மூன்று வாரத்தில் இரண்டு பின் டயர்களின் வெளித்தோளிலும் சுற்றிலும் வெட்டு விழுந்துவிட்டது. முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள் லைனர் (சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) தேய்ந்து, தூள் உதிர்ந்தது. சுமார் 700 பவுண்டு வீண்.

அதற்குப் பிறகு அளந்து, கணக்குப் போட்டு, மறுபடி முதலிலிருந்து செய்தேன். இப்போது 225/45 ஆர்17 டயர் எங்கும் உரசாமல் ஓடுகிறது. பிரிட்டனில் இந்தக் காரையோ இதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்டையோ தாழ்ந்த நிலையில் வாங்கியிருப்பவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். எண்கள் முதல் தலைமுறைக் காருக்கானவை. வேறு கார் என்றாலும் முறை இதேதான், எண்கள்தான் மாறும்.

1. முதலில் இன்சூரன்ஸ், அப்புறம்தான் ரிம்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. பிரிட்டனில் கம்பெனி அளவிலிருந்து மாறிய ரிம், டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன் எல்லாமே மாற்றம்தான். நிறுவனம் கேட்கும்போது சரியாகச் சொல்ல நீங்கள் கவனம் எடுத்திருக்க வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம். கவனக்குறைவாக விட்டிருந்தால் இழப்பீட்டைக் குறைக்கலாம். தெரிந்தே மறைத்திருந்தால் பாலிசியையே செல்லாததாக்கலாம்.

புதிதாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: முந்தைய உரிமையாளர் தாழ்த்தியது என்றாலும் இப்போது சொல்ல வேண்டியவர் நீங்கள். "நான் மாற்றவில்லையே" என்பது எடுபடாது.

தொலைபேசியில் பேசினாலும், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றைக் கேளுங்கள். பிரீமியம் எவ்வளவு கூடும்? பாலிசியின் நடுவில் மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா? விபத்து நடந்தால் புதிய ரிம்முக்கு ஈடு தருவார்களா, கம்பெனி ரிம்மின் விலை மட்டும்தானா? எனக்குப் பிரீமியம் 38 பவுண்டு கூடியது, நிர்வாகக் கட்டணம் 25. சில நிறுவனங்கள் ஏற்கவே மறுக்கும். ரிம் வாங்கிய பிறகு அந்தப் பதில் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

2. காரில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

கம்பெனி கொடுத்த 17 அங்குல ரிம் 7ஜே அகலம் (அதாவது 7 அங்குலம்), ஆஃப்செட் 48 (விளக்கம் அடுத்த பகுதியில்). டயர் 215/45 ஆர்17, சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடைக்கான எண்) 87. நட்டுகள் ஐந்து, 100 மி.மீ. வட்டத்தில். நடு ஓட்டை 56.1 மி.மீ.

நட்டில் கவனம். டொயோட்டா கார்தானே என்று 1.5 மி.மீ. புரி இடைவெளி உள்ள நட்டை வாங்கிவிடுகிறார்கள். இந்தக் காரைத் தயாரித்துத் தந்தது சுபாரு. இதன் நட்டு 12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி இடைவெளி. தவறான நட்டு இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் தண்டின்) புரி போய்விடும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் உடல்தகட்டின்) விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். நான்கு எண்கள் கிடைக்கும். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. கணக்கு: டயரின் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள்

நான் 700 பவுண்டு கொடுத்துக் கற்றது இந்தப் பகுதியைத்தான். உரசுமா உரசாதா என்பதை டயரில் எழுதியிருக்கும் 225, 235 மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சக்கரம் எவ்வளவு வெளியே உட்காருகிறது, எவ்வளவு மேலே ஏறுகிறது, எவ்வளவு உயரம் என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியில்) பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். ஆகவே டயரின் அகலத்தில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்கம் எவ்வளவு என்று தெரியும். கூட்டினால் உள்பக்கம்.

கம்பெனி டயர்: 215-இல் பாதி 107.5. கழித்தால் வெளிப்பக்கம் 59.5, கூட்டினால் உள்பக்கம் 155.5.

நான் முதலில் வாங்கியது 235 டயர், 8ஜே ரிம், ஆஃப்செட் 35. பாதி 117.5, வெளிப்பக்கம் 82.5. அதாவது பழையதைவிட 23 மி.மீ. வெளியே. அதோடு உயரமும் கூடியது. 215/45 ஆர்17-இன் விட்டம் சுமார் 625 மி.மீ., 235/45 ஆர்17-க்கு 643. ஆக டயரின் மேல்முனை 9 மி.மீ. உயர்ந்துவிட்டது. 23 மி.மீ. வெளியே, 9 மி.மீ. மேலே. தாழ்ந்த காரில் இது உரசாமல் வேறென்ன செய்யும்?

இப்போது இருப்பது 225/45 ஆர்17, 8ஜே, ஆஃப்செட் 45. பாதி 112.5, வெளிப்பக்கம் 67.5, உள்பக்கம் 157.5. ஆனால் 225/45 என்ற அளவு 7.5 அங்குல ரிம்மில் வைத்துச் சொல்லப்படுவது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும், பக்கத்துக்கு 2.5. அதையும் சேர்த்தால் வெளியே 10.5 மி.மீ., உள்ளே 4.5 மி.மீ. கூடியிருக்கிறது. விட்டம் 634, அதாவது மேல்முனை 4.5 மி.மீ. உயரம். இதை இந்தக் கார் தாங்கும்.

விட்டத்தை ஏற்றாமல் அகலம் வேண்டுமானால் 235/40 ஆர்17 இருக்கிறது, விட்டம் சுமார் 620. 245/40 ஆர்17 சுமார் 628. ஆனால் 245 டயரை 9ஜே ரிம்மில் ஆஃப்செட் 45-இல் போட்டால் வெளிப்பக்கம் 20 மி.மீ. கூடுகிறது. கேம்பரும் ஆர்ச் வேலையும் (இரண்டும் 7-ஆம் பகுதியில் வரும்) இல்லாமல் தாழ்ந்த காரில் அது சரிவராது. முதல் முறை செய்பவர் 225-இல் நிற்பது நல்லது என்பது என் திடமான கருத்து.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி டயரின் உண்மையான அகலம் மாறும். ரேஸ் டிராக்குக்கான டயர்களின் தோள் சதுரமாக இருக்கும், அவை முதலில் உரசும். தயாரிப்பாளரின் தொழில்நுட்ப அட்டவணையில் உண்மையான அகலத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு, சுமைக் குறியீடு 87-க்குக் கீழே போகக் கூடாது. 225/45 ஆர்17-இல் பொதுவாக 91 அல்லது 94 கிடைக்கும், அது போதும்.

4. மேலே எவ்வளவு இடம் இருக்கிறது

கார் நிற்கும்போது டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். நிற்கும் காரில் அளக்கும் இடைவெளி உரசுமா என்பதைச் சொல்லாது. சக்கரம் எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் தண்டில் இருக்கும் நுரைத் தடுப்பு.

குட்டையான ஸ்பிரிங் மட்டும் போட்டு, பம்ப் ஸ்டாப்பை அப்படியே விட்டிருந்தால், சக்கரம் ஏறக்கூடிய உச்சி மாறுவதில்லை. அந்த உச்சியை அடிக்கடி தொடும், அவ்வளவுதான். ஆனால் பம்ப் ஸ்டாப்பை வெட்டியிருந்தாலோ, ஷாக் உடலின் நீளத்தைக் குறைக்கும் காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி) போட்டிருந்தாலோ உச்சியே உயர்ந்துவிடும். ஆகவே கார் எப்படித் தாழ்த்தப்பட்டது என்று தெரிந்தே ஆக வேண்டும். முந்தைய உரிமையாளரிடம் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிப் பாருங்கள். என் காரில் பின்பக்கப் பம்ப் ஸ்டாப் பாதி வெட்டப்பட்டிருந்தது. அதை மாற்றிய பிறகே பின்பக்க உரசலில் பெரும்பகுதி நின்றது.

5. ரிம் வாங்கும்போது

பழைய ரிம் வாங்கினால் ஆஃப்செட்டை விற்பவர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். ரிம்மின் உள்பக்கத்தில் அச்சாகியிருக்கும், படம் அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானிய ரிம்மில் ஜேடபிள்யூஎல் (அலாய் ரிம்முக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை இருக்க வேண்டும். எவ்வளவு சுமைக்கு என்பதும் பல ரிம்களில் எழுதியிருக்கும். காரின் அடையாளத் தகட்டில் ஒவ்வோர் ஆக்சிலுக்கும் உச்ச எடை இருக்கும், அதில் பாதிக்குக் குறையாத சுமையை ரிம் தாங்க வேண்டும்.

நடு ஓட்டை 56.1-ஐவிடப் பெரிதாக இருந்தால் பொருத்தமான வளையம் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

ஸ்பேசர் வாங்கி "சரிசெய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளுகிறது. உள்ளே ஸ்ட்ரட்டில் (முன்சக்கரத்தின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணில்) உரசினால்தான் அதற்குப் பயன். ஆர்ச்சில் உரசும் காருக்கு ஸ்பேசர் போட்டால் நோய் முற்றும். குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டுவதும் வேண்டாம். டயர் எந்த ரிம் அகலத்துக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ அதற்குள்ளேயே நில்லுங்கள்.

6. ஒரு டயரை மட்டும் மாட்டிச் சோதியுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்கு டயரையும் ஒரேயடியாக மாட்டாதீர்கள். ஓடிய டயரைக் கடை திருப்பி எடுக்காது. முதலில் ஒரு ரிம்மில் ஒரு டயரை ஏற்றி, காற்றடித்து, வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்பக்கத்தில் தொடங்குங்கள். காரை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மாட்டுங்கள். ஜாக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கையை நீட்டவே கூடாது. முடிந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் வைத்து, இன்னொரு ஜாக்கால் கீழ் ஆர்மை (சக்கரத்தைக் காருடன் இணைக்கும் கீழ்த் தண்டை) பம்ப் ஸ்டாப் முழுதாக அமுங்கும்வரை தூக்குங்கள். கார் ஸ்டாண்டிலிருந்து எழும்ப ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்ற உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் ஒரு மணி நேரக் கூலி கொடுத்துக் காரேஜில் செய்யுங்கள். அழுத்திய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

எங்கே பார்க்க வேண்டும்? பின்பக்கம் இரண்டு இடம். ஆர்ச்சின் உள்மடிப்பு ஒன்று. ஆர்ச்சின் பின்முனையில் பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு இன்னொன்று. என் டயரை வெட்டியது இந்த நாக்குதான். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, லைனரின் முன்னும் பின்னும் பாருங்கள். பிறகு நேராக வைத்து, உள்ளே ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, சக்கரத்தைச் சுற்றுங்கள். குழந்தைகள் விளையாடும் மாவுக்களிமண்ணே போதும். நசுங்கிய பிறகு அதன் தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். உள்ளே 5 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். திருப்பத்தில் டயர் வளைந்துகொடுக்கும்.

7. உரசினால் எந்த வரிசையில் சரிசெய்வது

முதலில் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்ப்பது. ஒரு டிகிரி சாய்த்தால் டயரின் மேல்முனை சுமார் 5.5 மி.மீ. உள்ளே போகும். இந்தக் காரின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்திருப்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரிசெய்ய மட்டும்தான். கேம்பர் போல்ட் ஒரு ஜோடி போட்டால் ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்ட்ரட்டும், ஹப்பைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இருக்கும் இந்தப் போல்ட், டயரின் மேல்பக்கத்தை ஸ்ட்ரட்டை நோக்கியே சாய்க்கிறது. வெளியே கிடைத்த இடம் உள்ளே போய்விடும். களிமண் சோதனையைப் போல்ட் போட்ட பிறகு மறுபடி செய்யுங்கள். மேலே இருக்கும் கேம்பர் தட்டு ஸ்ட்ரட்டையும் சேர்த்துச் சாய்ப்பதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை. விலைதான் அதிகம்.

பின்பக்கம் தாழ்த்தியதுமே கேம்பர் தானாகக் கூடிவிடும். அதற்குமேல் மாற்ற வேண்டுமானால் சரிசெய்யக்கூடிய கீழ் ஆர்ம் வாங்க வேண்டும். 225 டயருக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்து, பம்பர் நாக்கைச் சிறிது வெட்டுவது, லைனரை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னே தள்ளுவது. இரண்டும் செலவில்லாத வேலை. லைனரை முழுதாகக் கழற்றி வீசுவதை மட்டும் செய்யாதீர்கள். குளிர்காலத்தில் இங்கே சாலையில் கொட்டும் உப்பு நேரே தகட்டில் அடிக்கும்.

கடைசியாக ஆர்ச்சின் உள்மடிப்பை உருட்டி மடக்குவது. இதற்கென்றே கருவியுடன் வீட்டுக்கு வந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். என் பின்பக்க இரண்டு ஆர்ச்சுக்கும் சேர்த்து 120 பவுண்டு ஆனது. பெயின்ட்டைச் சூடாக்காமல் மடக்கினால் வெடிக்கும், ஆகவே ஜனவரியில் திறந்த வெளியில் இதைச் செய்ய விடாதீர்கள். நன்றாகச் செய்தாலும் மடிப்பின் உள்ளே மயிரிழை விரிசல் வரும். அன்றே துருத் தடுப்பும் சீலரும் பூசச் சொல்லுங்கள். பூசாவிட்டால் இரண்டு குளிர்காலத்தில் துரு வெளியே தெரியும்.

8. மாட்டிய நாள்

நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். 50 மைல் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

ஆர்ச்சின் உள்மடிப்பிலும் லைனரிலும் சாக்பீஸால் பட்டையாகத் தடவிவிட்டு, காலியான கார் பார்க்கிங்குக்குப் போங்கள். பின் இருக்கையிலும் டிக்கியிலும் எடை வையுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக, கோணலாக, ஸ்டியரிங்கைத் திருப்பியபடி ஏறி இறங்குங்கள். முழுதாகத் திருப்பிப் பின்னோக்கியும் ஓட்டுங்கள், சில உரசல் அப்போதுதான் வரும். பிறகு சாக்பீஸ் அழிந்த இடத்தைப் பாருங்கள். பாட்டை அணைத்துவிடுங்கள், காதும் வேண்டும்.

9. அலைன்மென்ட்

கேம்பர் போல்ட்டைத் தொட்டால் டோ கெட்டுவிடும். அன்றைக்கே ஒருமுறை கண்ணளவில் நேராக்கி, அலைன்மென்ட் கடைவரை மட்டும் ஓட்டுங்கள். ஸ்பிரிங்கும் புதிதாக மாற்றியிருந்தால் அது உட்கார ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதன்பின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் செய்யச் சொல்லுங்கள், முன்பக்கம் மட்டும் போதாது. சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு 110 பவுண்டு ஆனது. டோ தவறாக இருந்தால் புது டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் மைலிலேயே மொட்டையாகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

10. எம்ஓடியும் காவல்துறையும்

டயர் காரின் ஏதாவது ஒரு பாகத்தில் உரசினால் எம்ஓடி (பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை) சோதனையில் தோல்விதான். ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு டயர் இருந்தாலும் அப்படியே. நூல் தெரிகிற டயர் என்றால் அபாயம் என்று எழுதிவிடுவார்கள், அதோடு ஓட்டவே கூடாது. காருக்கான சோதனைக் கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. தேதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக முன்பே செய்துகொள்ளலாம், பழைய தேதி போகாது. டயர் வேலையை எம்ஓடிக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாலையில் பிடிபட்டால் இன்னும் மோசம். பழுதான ஒவ்வொரு டயருக்கும் 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் உண்டு. உரசி வெட்டு விழுந்த இரண்டு டயருடன் நான் ஓட்டிய அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. டயர் ஆர்ச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் கூடாது.

11. செலவும் காலமும்

இரண்டாம் முறை எனக்கு ஆனது: பழைய ரிம் நான்கு 420, டயர் நான்கு மாட்டுக்கூலியுடன் 460, கேம்பர் போல்ட் 30, ஆர்ச் 120, அலைன்மென்ட் 110, இன்சூரன்ஸ் 63. மொத்தம் 1,203 பவுண்டு. பம்ப் ஸ்டாப்பை நானே மாற்றினேன், அது இந்தக் கணக்கில் இல்லை. இன்சூரன்ஸ் பதிலுக்கு இரண்டு நாள், நல்ல ரிம் தேடப் பத்து நாள், சோதனைக்கு ஒரு சனிக்கிழமை முழுதும், ஆர்ச் செய்பவரின் தேதிக்கு ஒரு வாரம். எல்லாம் சேர்த்து நான்கு வாரம் வையுங்கள். வேலைக்குப் போக இந்தக் கார்தான் என்றால் கம்பெனிச் சக்கரங்களை வைத்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்யலாம்.

ரிம் பில், டயர் பில், அலைன்மென்ட் தாள், இன்சூரன்ஸ் மின்னஞ்சல், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். கம்பெனி ரிம் நான்கையும் விற்றுவிடாதீர்கள். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.